எங்கள் கதவு அறிந்த விரல்

அக்கா,

காலையிலிருந்து வீடெல்லாம் தேக்குத்தூள் வாசம். வாசல் கதவிலிருந்த விரல்ரேகைப் பூட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொடுத்துப் போயிருக்கிறார்கள். பழையதற்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்பீர்கள். போன மழையில் சாரல் பட்டுப் பட்டு அது பழுதாகிவிட்டது. விரலை வைத்தால் சில நேரம் திறக்கும், சில நேரம் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். நானும் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன். கடைசியில் சென்னையிலிருக்கும் என் மகன் அன்சாரி புதுப் பூட்டுக்கு ஆர்டர் போட்டு, மாட்டுவதற்கு ஆளையும் அனுப்பிவிட்டான்.

புதியதன் அளவு வேறு. அதனால் கதவை இன்னும் கொஞ்சம் துளைக்க வேண்டியிருந்தது. டிரில்லிங் மெஷின் பட்ட இடத்திலிருந்து மஞ்சள் மஞ்சளாகத் தூள் கொட்டியது. எத்தனையோ கோடை பார்த்த கதவு, மேலே வார்னிஷ்கூட வெளுத்துவிட்டது. உள்ளே வாசம் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

வேலையை முடித்துவிட்டு, "யார் யார் விரல் வைக்கணும்மா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. நான் வைத்தேன். மஸ்கட்டிலிருக்கும் வீட்டுக்காரர் லீவில் வரும்போது வைத்துக்கொள்வார், அன்சாரியும் அப்படியே. "பக்கத்து வீட்டுல அவசரத்துக்குன்னு யாராச்சும் இருக்காங்களா? நெறய பேரு ஒருத்தர வச்சுக்குவாங்க" என்றார். "இருந்தாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பழைய பூட்டை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் வலது கை ஆள்காட்டி விரல் அந்தப் பைக்குள் இருக்கிறது. உம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். கடைக்கு இன்று லீவு. உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

அன்சாரியின் படிப்புக்காக நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் வந்து, மெடிக்கல் காலேஜ் ரோட்டைத் தாண்டி இந்த நகரில் வீடு வாங்கியபோது எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. மருந்துக் கடையில் வேலை கிடைத்திருந்தது. காலையில் போனால் சாயங்காலம் வருவேன். பக்கத்து வீட்டிலிருந்த உங்களைக் கைச்சுவருக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன், சிரிப்பேன், அவ்வளவுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர் நீங்கள் என்பதே உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. எவரிடம் பேசினாலும் முதலில் "சொல்லுங்க" என்பீர்கள். எதிரில் இருப்பவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டீர்கள்.

நாங்கள் வந்த முதல் வருடமே, உங்கள் வீட்டு ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்யத் திருக்கடையூருக்குக் கிளம்பினீர்கள். வேன் வாசலில் நிற்கிறது. சொந்தக்காரர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிய நீங்கள் நேராக எங்கள் கேட்டுக்கு வந்து சாவியை என் கையில் வைத்தீர்கள். "செடிக்குத் தண்ணி ஊத்தணும் நசீமா. சாயந்தரம் வெளக்குப் போட்டுடு. பூனைக்கு ஒரு வாய் சோறு." உங்கள் நாத்தனார் வேனிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்மாளுங்க தெருவுல வேற யாரும் இல்லியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றே அவர் கேட்டார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் வீட்டுச் சாவிய யாருகிட்டக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றீர்கள், ஏதோ பால்காரரிடம் நாளைக்கு ஒரு பாக்கெட் கூடுதலாகப் போடச் சொல்வதுபோல. வேன் போன பிறகும் நான் அந்தச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். பித்தளைச் சாவி, உங்கள் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்து வைத்து, நீங்கள் ஊர் திரும்பியதும் உங்களிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு காலம் எங்கே நின்றது? ஐயா போய்ச் சேர்ந்தார். ஒரத்தநாட்டுப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டீர்கள். உங்கள் மகன் ஆஸ்திரேலியாவில் தங்கிவிட்டார். எங்கள் குடும்பத்தில் வாப்பா மௌத்தானார். ஊரில் தனியாக இருந்த உம்மாவை நான் அழைத்து வந்துவிட்டேன். முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். அப்புறம் மதியம் சாப்பிட்டதை மறந்தார். டாக்டர் மறதி நோய் என்று சொன்னார். மாத்திரையின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம், விற்கிறவள்தானே. ஆனால் அந்த நோய் நம் வீட்டுக்கு வரும்போது வேறாக இருக்கிறது.

உம்மாவுக்கு எது மறந்தாலும் தாழ்ப்பாள் மறக்காது. நான் வேலைக்குக் கிளம்பி வாசலைத் தாண்டியதும் உள்ளே கட்டையாக இரும்புச் சத்தம் கேட்கும். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டும். திருடர் பயம்.

அந்த மதியத்தை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எனக்காக.

சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. தட்டினேன்.

"உம்மா, நான்தான் நசீமா. தொறங்க."

"நசீமா வேலைக்குப் போயிருக்கா. நீ யாரு?"

"நான்தாம்மா நசீமா. வேலையிலேர்ந்து வந்துட்டேன்."

"அவ பேர எங்கேயோ கேட்டுட்டு வந்து சொல்றியா? தெருவையே கூட்டிடுவேன். போயிடு."

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உம்மா பார்த்தார் அக்கா. என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினார்.

கையில் சாவியோடு என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். கையெல்லாம் இட்லி மாவோடு நீங்கள் ஓடி வந்தீர்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. என்னை எழுப்பி, ஜன்னலுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, நீங்கள் மட்டும் கதவருகில் போனீர்கள்.

"பெரியம்மா, பக்கத்து வீட்டுலேர்ந்து பேசறேன். டெலிபோன் ஆபீஸ்ல இருந்தேனே, அந்தப் பொண்ணு. நசீமா இருக்காளா?"

"இல்லம்மா. வேலைக்குப் போயிருக்கா."

"அப்படிங்களா. அப்ப அவ வர்ற வரைக்கும் உங்களுக்குத் துணைக்கு இருக்கட்டுமா? தனியா இருக்கீங்களேன்னு வந்தேன்."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகில் வந்து நின்றது. பிறகு, "ஜன்னல்ல ஒருத்தி வந்து நின்னாளே, அவ உன்கூட வந்தவளா?" என்று கேட்டார்.

"எனக்கு ரொம்ப வேண்டிய பொண்ணு. அவளுக்கு நான் பொறுப்பு பெரியம்மா."

மேல் தாழ்ப்பாள் இறங்கியது. கீழ்த் தாழ்ப்பாள் ஏறியது. உங்கள் விருந்தாளியாக நான் என் வீட்டுக்குள் நுழைந்தேன். "உக்காரும்மா. வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிக்கிறியா?" என்று உம்மா என்னைக் கேட்டார். குடித்தேன். நீங்கள் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கத்திரிக்காய் விலை பேசினீர்கள், மழை பேசினீர்கள். பேச்சுக்கு நடுவில் உம்மா என் பக்கம் திரும்பி, "எப்ப வந்த நசீமா? சாப்பிட்டியா?" என்றார். நீங்கள் எழுந்து, "மாவு பொங்கிடும், வரேன்" என்று போய்விட்டீர்கள்.

அன்று சாயங்காலம் கைச்சுவர் ஓரமாக நின்று கேட்டேன். "பெத்த தாயே என்ன மறந்துட்டா, எப்படிக்கா தாங்கறது?"

"மறந்துட்டாங்கன்னு யாரு சொன்னா?" என்றீர்கள். "நசீமா வேலைக்குப் போயிருக்கான்னு சொன்னாங்கல்ல? நசீமா வீட்டுக்குள்ள கண்டவங்க நொழஞ்சிடக் கூடாதுன்னுதான் காவல் இருந்தாங்க. உனக்காகத்தான் உன்ன உள்ள விடல."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் இல்லை. மறுநாளே போனும் கையுமாக வந்து, உங்கள் மகன் வாங்கித் தந்து உங்கள் வீட்டில் மாட்டியிருந்த விரல்ரேகைப் பூட்டைப் போலவே ஒன்றை எங்கள் கதவுக்கும் போட வேண்டும் என்றீர்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் வாப்பா வாங்கிய திண்டுக்கல் பூட்டுதான் கேட்டில் தொங்குகிறது. சாவி என்றால் கையில் கனமாக இருக்க வேண்டும், திருப்பும்போது உள்ளே விழுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். உங்களுக்கோ புதுச் சாமான் எது வந்தாலும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். நாம் இரண்டு பேரும் அன்று போட்ட வழக்கை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

"சாவின்னா ஒருத்தர்கிட்டக் குடுக்கலாம், திருப்பி வாங்கிக்கலாம். இந்தப் பூட்டோட ரகசிய நம்பர வெளிய சொல்லிட்டா எப்படித் திருப்பி வாங்கறது?" என்றேன்.

"நம்பர மாத்திட்டுப் போறோம். சாவிய எடுத்துக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுல டூப்ளிகேட் அடிச்சா உனக்குத் தெரியவா போகுது?"

"கரண்ட் போயிட்டா? புயல் வந்தா இங்க எத்தன நாள் இருட்டுல கெடக்கறோம்?"

"இது பேட்டரியில ஓடுது."

"பேட்டரி தீந்துட்டா?"

நீங்கள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னீர்கள்: "கீழ ஒரு மூடி இருக்கு. அதத் தொறந்தா சாவி போடற ஓட்டை இருக்கும்."

"அப்ப கடைசியில சாவிதானே!" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னீர்கள். "சாவி உன் கையிலதான் இருந்துச்சு நசீமா. ஆனா வெளியிலதான நின்ன? இந்தப் பூட்டுல அவங்க உள்ளேர்ந்து கதவத் தொறந்தா உன் போனுக்குத் தெரியும். நீ கடையில நிம்மதியா நிக்கலாம். தாழ்ப்பாள மட்டும் எடுத்துடணும்."

சரி, ஆர்டர் போடுங்கள் என்றேன். பூட்டு வந்தது. ஆசாரி தாழ்ப்பாள்களைக் கழற்றினார். கதவு பக்கம் வந்த உம்மா வெற்றுக் கதவைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். "தாப்பாளக் காணோமே, தாப்பாளக் காணோமே" என்று அன்று முழுக்கக் கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வரவில்லை. அதற்குப் பதிலாகத் தாமே தாழ்ப்பாள் என்பதுபோல.

ஆசாரியைத் திரும்ப வரவழைத்தது நீங்கள்தான். கதவில் தாழ்ப்பாள்களைப் பழையபடி மாட்டச் சொன்னீர்கள். நிலையிலும் தரையிலும் அவை போய் நுழைகிற துளைகளை மட்டும், எதிலும் பிடிக்காத அளவுக்குப் பெரிதாக வெட்டிவிடச் சொன்னீர்கள். தாழ்ப்பாள் வழக்கம்போல் நகரும், சத்தம் போடும், ஆனால் கதவைப் பிடிக்காது.

"உம்மாவ ஏமாத்தற மாதிரி இருக்கேக்கா" என்றேன்.

"ஏமாத்தறது இல்ல. அவங்களுக்குத் தாப்பாள் போடணும், உனக்கு உள்ள வரணும். ரெண்டு பேரு ஆசையும் நடக்கட்டுமே."

கடைசியாக விரல் வைத்தோம். உம்மாவின் விரலைப் பூட்டு ஏற்கவில்லை. ரேஷன் கடை மெஷினும் அப்படித்தான், தேய்ந்த விரல். என் விரல் விழுந்தது. பிறகு நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தேன். நீங்கள் முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தீர்கள். பச்சை விளக்கு எரிந்ததும், "என்னையப் பாஸ் பண்ணிடுச்சு!" என்றீர்கள்.

ஆற்றில் தண்ணீர் விட்டிருந்த சமயம் அது. கடையில் மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது என்று காட்டியது. உம்மா சில சமயம் திறந்து வாசலைப் பார்த்துவிட்டு மூடுவார். மூடியதாக வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. உங்களைக் கூப்பிட்டேன். "நான் பாத்துக்கறேன், நீ பதறாம வா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வீட்டில் யாரும் இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. தெருமுனை இளநீர்க்காரர் புது ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, "பெரியம்மா முன்னால போனாங்க, டெலிபோன் அம்மா பின்னாலயே ஓடுனாங்க" என்றார். புது ஆற்றில் அப்போது இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியெல்லாம் நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

படித்துறையில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்கள். உம்மாவின் கால்கள் கணுக்கால் வரை தண்ணீரில். உங்கள் கால்களும். உங்கள் இடது கை உம்மாவின் முதுகுக்குப் பின்னால் சேலையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் வலது கையைத் தாழ்வாகக் காட்டி, மெதுவா, மெதுவா என்றீர்கள். ஓடி வந்தவள் நடந்து வந்தேன்.

"எங்க வாப்பா வர்ற நேரம்" என்று உம்மா சின்னப்பிள்ளையாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சந்தைக்குப் போயிருக்காங்க. தோணி வர்ற சத்தம் கேக்கும்."

"எனக்கும் பாக்கணும் பெரியம்மா. என்ன வாங்கிட்டு வருவாங்க?"

"பனங்கற்கண்டு. எனக்கு மட்டும்."

"எனக்கும் கொஞ்சம் தருவீங்களா?"

உம்மா யோசித்துவிட்டு, "தரேன்" என்றார். இப்படியே பேசி, வெயில் தாழ்ந்த பிறகு, "வீட்டு வாசல்லேர்ந்து பாத்தாலும் அவங்க வர்றது தெரியும், வாங்க" என்று நீங்கள் எழுந்தீர்கள். உம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்து வந்தார். யாரும் அவரை இழுக்கவில்லை, அதட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் உங்கள் காலில் விழாத குறைதான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பூட்டுக்கும் சேத்துச் சொல்லு. அது சொல்லலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?" உங்கள் நியாயத்தில் பொருளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அக்கா, பூட்டு எனக்குச் சொன்னது. மருந்துக் கடையில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொண்ட என்னால் என்ன செய்திருக்க முடியும்? முழங்கால் வலியோடு அந்தத் தெரு முழுக்க ஓடியது நீங்கள். சாவியா பூட்டா என்று நாம் போட்ட வழக்குக்கு என் மனசில் தீர்ப்பு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். ஓடி வர ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

உங்களுக்கு வந்தது சின்னக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தது. மகன் விமானம் ஏறிவிட்டார் என்று நான் சொன்னபோது தலையை ஆட்டினீர்கள். "பெரியம்மாவுக்கு யாரு இருக்கா இப்ப?" என்று கேட்டீர்கள். சென்னையிலிருந்து அன்சாரி வந்திருக்கிறான் என்றேன். "அப்ப நீ இரு" என்றீர்கள். என்னிடம் நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். இருந்தேன். காலை வெளிச்சம் ஜன்னலில் விழும்போது போய்விட்டீர்கள்.

உங்களை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று உங்கள் வாசல் நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. உம்மாவை அழைத்து வரலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் நாத்தனார்தான் என் கையைப் பிடித்து, "கூட்டிக்கிட்டு வாங்கம்மா. அண்ணி அவங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல" என்றார். உம்மா வந்தார். உங்கள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத் தூங்கறா. எழுப்பாதீங்க" என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓதத் தொடங்கினார். மறந்துபோகாமல் அவரிடம் மிச்சமிருந்த குர்ஆன் சூராக்கள் எல்லாம் உங்களுக்காக ஓதப்பட்டன. எவரும் தடுக்கவில்லை.

இப்போது நான் கடைக்குக் காலை நேரம் மட்டும் போகிறேன். அந்த நேரத்துக்கு உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். உம்மாவுக்கு என் பெயர் இன்னும் தெரிகிறது. முகம்தான் அநேகமாகத் தெரிவதில்லை. முன்பானால், நான்தாம்மா, என்னைப் பாருங்கள் என்று மன்றாடியிருப்பேன்.

போன வாரம் ஒரு மதியம் வந்தேன். உம்மா கட்டிலில் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரும்மா?" என்றார்.

"பக்கத்துலதான் இருக்கேன். நசீமா வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்னு வந்தேன்."

"வா, உக்காரு." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு ஒரே மக. உனக்குத் தெரியுமா அவள?"

"தெரியும். எப்படிப்பட்ட பொண்ணு?"

"தங்கம். நாளெல்லாம் மருந்துக் கடையில நிக்கிறா. கால் வீங்கிப் போவுது. எங்கிட்டச் சொல்ல மாட்டா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அவ இல்லேன்னா நான் எப்பவோ மண்ணாப் போயிருப்பேன்."

"இத அவகிட்டயே நீங்க சொல்லலாம்ல?" என்றேன்.

"மூஞ்சிக்கு நேரா மகள மெச்சுவாங்களா? கண்ணு பட்டுடும்" என்றார் உம்மா.

இந்த வயது வரைக்கும் என் தாய் வாயால் நான் கேட்காத சொல் அக்கா. மகளாக அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் என்றைக்கும் கேட்டிருக்க மாட்டேன். அந்நியப் பெண்ணாக என் வீட்டுக்குள் எப்படி வர வேண்டும் என்று நீங்கள் எனக்குக் காட்டிக்கொடுத்ததால் கேட்டேன்.

உம்மா பழத்தை உரித்து, பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார். மீதிப் பாதியை மகளுக்கென்று தட்டில் வைத்து மூடினார்.

இரண்டையும் நான்தான் சாப்பிட்டேன்.

நசீமா